மூன்றாவது பெயர்

மூன்று கம்பெனிகளும் பவித்ரனை ஒரே இடத்தில்தான் கைவிட்டன. அது ஏன் என்பதுதான் அவனுக்குப் புரியவில்லை.

வெவ்வேறு இடங்களில் கைவிட்டிருந்தால் நேரம் சரியில்லை என்று விட்டிருப்பான். நியூசிலாந்தில் ஒரு வேலைக்குப் போகும் விண்ணப்பம் அடுக்கிவைத்த சல்லடைகளுக்குள் விழுந்து வருவது போன்றது. முதல் சல்லடையில் மனிதர் யாரும் இல்லை. ஒரு மென்பொருள் ரெஸ்யூமேயைப் படித்து, வேலை விளம்பரத்தில் உள்ள சொற்கள் அதில் இருக்கின்றனவா என்று பார்க்கும். அதைத் தாண்டினால் அலுவலகத்தில் ஒருவர் மேலோட்டமாகக் கண் ஓட்டுவார். பிறகு தொலைபேசியில் கொஞ்சம் பேச்சு. பிறகு வீடியோவில் நேர்காணல். கடைசியாக, ரெஸ்யூமேயின் அடியில் பரிந்துரையாளர்கள் என்று நாம் எழுதியிருக்கும் ஆட்களைக் கூப்பிட்டு, "இவர் எப்படி?" என்று கேட்பார்கள். அதற்குப் பிறகுதான் வேலை.

படித்து முடித்த புதிதில் பவித்ரன் முதல் சல்லடையிலேயே மாட்டிக்கொண்டான். அதற்குக் காரணம் தெரிந்தது. ஊரில், மலேசியாவில், எழுதுவது போலவே எழுதியிருந்தான்: மூலையில் படம், ஐசி எனும் அடையாள அட்டை எண், இனம், மதம், திருமணமாகாதவர், அப்பாவின் தொழில், எல்லாவற்றையும் சுற்றிக் கட்டங்கள். கட்டத்துக்குள் இருப்பதை மென்பொருளால் ஒழுங்காகப் படிக்க முடியவில்லை. மனிதர் கைக்குப் போன ஒன்றிரண்டும் திரும்பின. இனத்தையும் மதத்தையும் பார்த்துத்தான் ஆளை ஒதுக்கினார்கள் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று அங்கே அவற்றைப் பார்க்கவே பயப்படுவார்கள். ஹாமில்டனில் அவன் படித்த பல்கலைக்கழகத்தில் ஒரு அம்மாள் பொறுமையாக உட்கார்ந்து அதையெல்லாம் நீக்கிக் கொடுத்தார். "செய்த காரியத்தில் தொடங்கு, அதனால் என்ன ஆனது என்பதில் முடி," என்றார். அதன்பின் ரெஸ்யூமே சல்லடைகளைத் தாண்டத் தொடங்கியது.

இப்போது விழுவது கடைசிச் சல்லடையில். நேர்காணலில் சிரித்துப் பேசுகிறார்கள். "உங்கள் பரிந்துரையாளர்களிடம் பேசிவிட்டுச் சொல்கிறோம்," என்கிறார்கள். ஒரு வாரம் சத்தமில்லை. பிறகு, வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம் என்று இரண்டு வரியில் மின்னஞ்சல். மூன்று முறையும் அப்படியே.

தங்கை கல்யாணத்துக்காகச் சொந்த ஊரான சுங்கை சிப்புட் வந்தவன், நியூசிலாந்தில் வாடகை கொடுத்துக்கொண்டு சும்மா இருப்பதற்கு இங்கேயே இருந்து தேடலாம் என்று தங்கிவிட்டான். நேர்காணல்களும் வீட்டிலிருந்துதான் நடந்தன. நான்காவது நேர்காணல், ஒரு பால்மாவுத் தொழிற்சாலையுடையது, திங்கட்கிழமை முடிந்தது. இந்த வாரத்துக்குள் பரிந்துரையாளர்களைக் கூப்பிடுவோம் என்றிருந்தார்கள். படித்தவர்கள் அங்கேயே தங்கி வேலை தேடக் கொடுத்திருந்த விசாவில் பாதி ஏற்கெனவே கரைந்துவிட்டது. இதுவும் போனால், கையில் முதுகலைப் பட்டத்தோடு பக்கத்து நகரமான ஈப்போவில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

தர்மாவின் கடையில்தான் அதைப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தான். தர்மா பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டாளி. பெரிய சாலையில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான்.

"மூணு தடவயுமா மச்சான்?" பிரேக் கட்டை ஒன்றைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டான் தர்மா. "பஜ்ஜி எல்லாம் சாப்புட்டு, பொண்ண நல்லா பாத்துட்டு, வூட்டுக்குப் போயி சொல்லியனுப்புறோம்னு கெளம்புவாங்களே, அந்த மாதிரில இருக்கு."

"வெளாடாத தர்மா. ஒரே எடத்துல தொடந்து கோளாறு வந்தா அது அதிர்ஷ்டம் இல்ல. எங்கயோ ஒரு கை ஒடஞ்சிருக்கு."

"எந்தக் கை?"

நியூசிலாந்து போவதற்கு முன் பவித்ரன் ஈப்போவுக்கு வெளியே ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் டெக்னிசியனாக இருந்தான். விளக்கத் தொடங்கினால் அவனுக்கு உலகமே மறந்துவிடும்.

"நீண்ட சங்கிலி ஒண்ணு ஓடும். அதுல ஆயிரக்கணக்கா பீங்கான் கைங்க, வெரலு கீழ பாத்து தொங்கும். கை ரப்பர் பால் தொட்டிக்குள்ள முங்கும், எந்திரிக்கும், அடுப்புக்குள்ள போவும். வெளிய வந்ததும் மேல இருக்கிற தோல உரிச்சா அதான் கையுறை. கை மறுபடியும் தொட்டிக்குப் போவும், சுத்திகிட்டே இருக்கும். இப்ப ஒரு பீங்கான் கையில மயிரிழ அளவு வெடிப்பு இருக்குன்னு வையி. ஒவ்வொரு சுத்துலயும் அந்தக் கையில வர்ற கையுறையில, அதே வெரல்ல, அதே எடத்துல ஓட்ட இருக்கும். பால மாத்தினாலும் போவாது, சூட்ட மாத்தினாலும் போவாது. அந்தக் கையக் கண்டுபுடிச்சுக் கழட்டணும்."

"சரி. உன் ரெஸ்யூமேல எது அந்தக் கை?"

 அது எது என்று பவித்ரனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. பரிந்துரையாளர்கள் மூன்று பேர். முதலாவது அவன் பேராசிரியர். இரண்டாவது, அவன் பயிற்சி பெற்ற பாலாடைக்கட்டி ஆலையின் மேலாளர். இருவருக்கும் மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிட்டான். மூன்று கம்பெனிகளும் தங்களிடம் பேசியதாகவும், நன்றாகவே சொன்னதாகவும் இருவரும் எழுதியிருந்தார்கள். மூன்றாவது பெயர் துளசி. கையுறைத் தொழிற்சாலையில் அவன் ஷிஃப்ட்டின் சூப்பர்வைசர். அவளுக்கு மட்டும் அவன் எழுதவில்லை.

"துளசியக்காவா?" என்றான் தர்மா. அவளை அவனுக்கும் தெரியும். ஒரு தீபாவளிக்கு வீட்டுக்கு வந்திருக்கிறாள். "அவங்க உன்னைய பத்தி மோசமாவா சொல்லுவாங்க? போன் பண்ணிக் கேளேன்டா."

"கேக்கலாம்."

"நம்பர் இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்பறம் என்னாலா?"

பவித்ரன் எழுந்து, அம்மா மருந்து வாங்கச் சொன்னதாக ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு மோட்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

ரெஸ்யூமேயில் ஒரு வரி இருந்தது. நேர்காணல் செய்தவர்கள் எல்லாரும் விரலை வைத்தது அந்த வரியில்தான். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'பழுதான அச்சுகளைக் கண்டுபிடிக்கும் முறை ஒன்றை உருவாக்கி, வீணாகும் கையுறைகளை மூன்றில் ஒரு பங்கு குறைத்தேன்.'

அச்சு என்றது அந்தப் பீங்கான் கைகளை. ஒவ்வொரு பாகமும் கிட்டத்தட்ட உண்மை. முறை இருந்தது, வீணாவது குறைந்தது, அவனும் அங்கே இருந்தான். முறையைக் கண்டுபிடித்தவள் துளசி. ஓட்டைக் கையுறை எந்தக் கையிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாமல் இருந்த நாளில், நூறு கைக்கு ஒரு கை என்று, அதைச் சங்கிலியில் மாட்டும் பிடியில் சிவப்புச் சாயம் அடித்தவள் அவள்தான். கையுறை உரிக்கும் இடத்தில் நின்று, சிவப்பு வந்ததும் அங்கிருந்து வரிசையாகக் கையுறைகளை எடுத்து எண் போட்ட கொக்கிகளில் மாட்டுவது. தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது. பதினேழாவது கொக்கியில் ஒழுகினால், சிவப்பிலிருந்து பதினேழாவது கைதான் குற்றவாளி. அடுத்த சுற்றில் அது வரும்போது கழற்றிவிடலாம். பவித்ரன் செய்தது அதற்கு ஒரு அட்டவணை போட்டதும், மற்ற ஷிஃப்ட்டுகளுக்குச் சொல்லிக் கொடுத்ததும்தான்.

எழுதும்போது முதலில் 'எங்கள் குழு' என்றுதான் எழுதியிருந்தான். குழு என்றால் நீ என்ன செய்தாய் என்று யாருக்கும் தெரியாது, உன் பங்கை எழுது என்றார் அந்தப் பல்கலைக்கழக அம்மாள். அவர் சொன்னது சரி. பங்கை எழுதுவதற்குப் பதில் இவன் முழுதையும் எடுத்துக்கொண்டான். கை ஒரு கணம்தான் தயங்கியது. அதன்பின் அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம், கடைத்தெருவில் தெரிந்தவரைக் கண்டும் காணாமல் போகிறவன் மாதிரி, கண்ணை அடுத்த வரிக்கு நகர்த்திக்கொள்வான்.

அப்படியென்றால் அவள் பெயரை ஏன் போட்டான்? அந்தத் தொழிற்சாலையில் அவனுக்கு மேலே இருந்தவர்களில் அவனிடம் எண் இருந்தது அவளுடையது மட்டும்தான். அதைவிட இன்னொரு காரணமும் உண்டு. நம் பக்கத்தில் விண்ணப்பத்தில் இரண்டு பெயர் கேட்டால் கோயில் தலைவர் பெயரையும் பழைய தலைமையாசிரியர் பெயரையும் எழுதுவோம். ரப்பர் தோட்டம் இருந்த காலத்தில் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணியின் பெயரை எழுதினார்கள். அவர்களிடம் கேட்பதும் இல்லை. அவர்களை யாரும் கூப்பிடுவதும் இல்லை. கல்யாணப் பத்திரிகையில் பெரியவர்கள் பெயரைப் போடுவது போல அது ஒரு மரியாதை. பவித்ரனும் அந்தப் பழக்கத்தில்தான் துளசியின் பெயரையும் பழைய போன் எண்ணையும் எழுதினான். மற்ற இருவருக்கும் மின்னஞ்சல் முகவரி இருந்தது. அவளுடையதைக் கேட்க வேண்டுமென்றால் அவளோடு பேச வேண்டும். பேசினால், எதற்கு என்று கேட்பாள்.

ஆனால் அங்கே அவர்கள் உண்மையாகவே கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டு, "அந்த அச்சு கண்டுபிடிக்கும் முறையைப் பற்றிச் சொல்லுங்கள்," என்று கேட்டிருப்பார்கள். அவள் சொல்லியிருப்பாள். அப்படித்தான் அவன் நினைத்தான். கோபம்கூட வந்தது, ஒரு வார்த்தை எனக்காகச் சொன்னால் என்ன என்று. அந்தக் கோபம் வந்த சற்று நேரத்திலேயே வெட்கமாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்து வாட்ஸாப்பைத் திறந்தான். துளசியிடமிருந்து வந்த கடைசிச் செய்தி, அவன் விமானம் ஏறிய நாளுடையது. 'பத்திரமா போய் சேந்தியா?' அதற்கு இரண்டு வருடமாகப் பதில் போடவில்லை.

அதற்குக் கீழே, 'அக்கா, உங்கள பாக்கணும்' என்று எழுதினான்.

சற்று நேரத்தில் பதில் வந்தது. 'சேந்துட்ட போல. நாளைக்கு மூணு மணி. பத்து காஜா, மீரான் கடை. நீதான் காசு குடுக்குற.'

துளசி இப்போது ஈப்போவுக்குத் தெற்கே, பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம் வேறொரு தொழிற்சாலையில் இருக்கிறாள். காலை ஷிஃப்ட் முடிந்து, சீருடை மேல் ஒரு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வந்தாள். ஹெல்மெட்டை மேசையில் வைத்துவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னடா இது, வெள்ளக்காரன் ஊர்ல பாலும் வெண்ணெயும் திங்கிறன்னு பாத்தா எலும்பா வந்திருக்க. பசியாறிட்டியா?"

"ஆச்சுக்கா."

"பொய். மூஞ்சிலயே தெரியுது." கடைக்காரரைப் பார்த்தாள். "அண்ணே, ரொட்டி சானாய் ரெண்டு, தே தாரிக் ரெண்டு. எனக்கு சீனி கொறச்சி."

நாகூர் மீரான் கல்லின் முன்னால் நின்றபடியே கேட்டார். "தம்பி யாரு, சொந்தமா?"

"கூட வேல செஞ்ச பையன். வெளிநாடு போயிட்டான். என்னைய மறந்துட்டான்."

"மறக்கலண்ணே," என்றான் பவித்ரன்.

"மறக்காட்டி இன்னும் மோசம்," என்றாள் துளசி, சிரித்துக்கொண்டே.

தேநீர் வந்தது. பவித்ரன் அதை ஒதுக்கி வைத்தான். அவளுடைய பெயரை ரெஸ்யூமேயில் போட்டிருப்பதைச் சொன்னான். மூன்று கம்பெனிகளைச் சொன்னான். "உங்களுக்கு போன் பண்ணியிருப்பாங்க. நீங்க என்ன சொன்னீங்கன்னு தெரிஞ்சுக்கலாம்னுதான் வந்தேன். என்ன சொல்லியிருந்தாலும் பரவால்லக்கா. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

துளசி ரொட்டியைப் பிய்த்தபடி அவனைப் பார்த்தாள். "எனக்கா? யாரும் போன் பண்ணலயே."

"நியூசிலாந்துலேருந்து."

"நியூசிலாந்து நம்பரு எப்படி இருக்கும்?"

"பிளஸ் சிக்ஸ் ஃபோர்னு ஆரம்பிக்கும்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். எதையோ தேடினாள். தேடத் தேட முகம் மாறியது. போனைத் திருப்பி அவன் பக்கம் வைத்தாள். தடைசெய்யப்பட்ட எண்கள் வரிசையாக இருந்தன. அவற்றில் மூன்று அறுபத்து நான்கில் தொடங்கின. தேதிகளைப் பார்த்தான். ஒவ்வொன்றும் ஒரு நேர்காணல் முடிந்த மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வந்திருந்தது. நேரம் எல்லாம் விடிகாலை.

"எங்க மாமாகிட்ட போன்ல போலீஸ் மாதிரி பேசி, பேங்க்ல இருந்த மொத்தத்தையும் உருவிட்டானுங்க," என்றாள். "அதுலேருந்து வூட்ல சட்டம். தெரியாத வெளிநாட்டு நம்பரு வந்தா எடுக்கக் கூடாது, ப்ளாக். இவனுங்க வேற அஞ்சு மணிக்கு, அஞ்சரைக்கு அடிக்கிறானுங்க. அந்த நேரத்துக்கு எவன்டா நல்லவன் போன் பண்ணுவான்?"

இதை விளக்க அதிக நேரம் ஆகவில்லை. இந்த மாதங்களில் நியூசிலாந்துக் கடிகாரம் நம்முடையதைவிட நான்கு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே அலுவலகம் திறந்து, கோப்பி குடித்து, ஒன்பதரைக்கு முதல் வேலையாகப் போனை எடுத்தால் பத்து காஜாவில் ஐந்தரை. மணி அடித்தால் யாரும் எடுப்பதில்லை. இரண்டாம் முறை அடித்தால் மணியே போவதில்லை. எழுதிக் கேட்க மின்னஞ்சலும் இல்லை. அதே தகுதியோடு இன்னொரு ஆள் காத்திருக்கும்போது, பேச முடியாத பரிந்துரையாளர் உள்ள ஆளுக்காக யார் காத்திருப்பார்கள்?

பவித்ரனுக்கு முதலில் வந்தது நிம்மதி. அவள் எதுவும் சொல்லவில்லை. யாருக்கும் எதுவும் தெரியாது. அந்த நிம்மதியை அவன் ரசித்துக்கொண்டிருக்கும்போதே துளசி சொன்னாள்:

"சரி விடு. நாலாவது ஆளு அடிக்கிறப்ப எடுக்கிறேன். உன்னைய பத்தி அள்ளி வுட்டுறேன். என்ன சொல்லணும், அத மட்டும் சொல்லு."

எளிதான வழி ஒன்று திறந்து கிடந்தது. நல்ல பையன், நேரத்துக்கு வருவான், சொன்னதைச் செய்வான் என்று சொல்லுங்கள் என்றால் போதும். ஆனால் அவர்கள் அந்த வரியைத்தான் கேட்பார்கள். அவள் திகைப்பாள். அல்லது, அவன் மேல் உள்ள அன்பில் ஆமாம் என்பாள். இரண்டாவதை நினைத்தபோதுதான் அந்த நிம்மதி போனது. அவளுடைய வேலையை எடுத்துக்கொண்டதோடு, அது அவளுடையது இல்லை என்று அவள் வாயாலேயே சொல்ல வைப்பதாகிவிடும்.

ரெஸ்யூமேயைத் திறந்து போனை அவளிடம் நீட்டினான். "மொதல்ல இதப் படிங்கக்கா. ரெண்டாவது பக்கம்."

துளசியும் பாலிடெக்னிக்கில் டிப்ளமா படித்தவள்தான். மெதுவாகப் படித்தாள். அந்த வரியில் கண் நின்றது. ரொட்டிக் கல்லில் எண்ணெய் பொரியும் சத்தம் கேட்டது. வெளியே யாரோ ஒரு லாரியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்.

"நல்லா எழுதியிருக்க," என்றாள். "படிச்சா நானே உனக்கு வேல குடுத்துருவேன்."

"அக்கா..."

"இரு. இது எனக்குப் புதுசு இல்லடா. அந்த அட்டவணய அடிச்சு லைன் பக்கத்துல ஒட்டுன பாரு, அடியில தயாரித்தவர்னு உன் பேரு மட்டும் போட்டிருந்த. அன்னைக்கே பாத்தேன். போற பையன், போவட்டும்னு விட்டுட்டேன்."

பவித்ரன் அதை மறந்தே போயிருந்தான். 

"போன வருஷம் இங்க புரொடக்‌ஷன் எக்சிகியூட்டிவ் வேலைக்கு நேர்காணல் போனேன்," என்றாள். குரலில் கோபம் இல்லை. ஷிஃப்ட் மாறும்போது நடந்ததை அடுத்தவருக்குச் சொல்கிற குரல். "நீ எதையாச்சும் மேம்படுத்தியிருக்கியான்னு கேட்டாங்க. சிவப்புச் சாயம் அடிச்ச கதைய சொன்னேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு ஆளு நம்ம பழைய ஃபேக்டரிலேருந்து வந்தவரு. 'அது பவித்ரன் செஞ்சதுல்ல? அட்டவணயப் பாத்திருக்கேனே'ன்னாரு. நான் என்னத்த சொல்ல? ஆமா சார், நாங்க சேந்துதான் செஞ்சோம்னேன். வேற ஆளுக்குப் போயிருச்சு."

 பவித்ரன் மன்னிப்புக் கேட்டான். அது அவன் காதுக்கே சின்னதாகக் கேட்டது. துளசி பரவாயில்லை என்று சொல்லவில்லை. தன் ரொட்டியைச் சாப்பிட்டு முடித்தாள்.

"இப்ப என்ன பண்ணப் போற?"

"மாத்தி எழுதுறேன். கம்பெனிக்கும் இன்னைக்கே சொல்லிடறேன்."

"அவங்களுக்குப் புடிச்சதே அந்த வரிதானடா. மாத்துனா வேல போயிருமே."

"போலாம்."

"போனா என்னைய திட்டக் கூடாது."

"திட்ட மாட்டேன்."

அங்கேயே எழுதத் தொடங்கினான். முதலில் எழுதியது: 'மேற்பார்வையாளர் துளசி உருவாக்கிய முறைக்கு உதவியாக இருந்தேன்.' அவளிடம் காட்டினான். அவள் முகம் சுளித்தாள்.

"இது என்ன, கோயில் வாசல்ல நிக்கிற மாதிரி? உதவியா இருந்தேன்னா என்ன அர்த்தம்? தண்ணி மொண்டு குடுத்தியா?"

"நீங்கதானே எல்லாத்தையும்..."

"எல்லாத்தையும் இல்ல. சாயம் அடிச்சது நான். கொக்கி மாட்டுனது நான். ஆனா எந்தக் கை திரும்பத் திரும்ப வருதுன்னு அட்டவண போட்டது நீ. மத்த ஷிஃப்ட்டுல நேப்பாள்காரங்க, பங்களாதேஷ்காரங்களுக்கு வெளங்கலன்னு ஒரு வாரம் நின்னு படம் வரைஞ்சு காட்டுனது நீ. அன்னைக்கு அப்படி எடுத்துகிட்ட, இன்னைக்கு இப்படி வுட்டுத் தர்ற. ரெண்டுமே பொய்தான்டா. அவன் எனக்கு போன் பண்றப்ப இதுல இருக்கிறத அப்படியே என் வாயால சொல்ல முடியணும். அந்த மாதிரி எழுது."

ரெஸ்யூமே எழுதுவது எப்படி என்று பல்கலைக்கழகத்தில் அவனுக்கு ஒரு நாள் வகுப்பே எடுத்தார்கள். இந்த அளவுகோலை யாரும் சொல்லவில்லை. ஒரு வரி வலுவானதா என்று தெரிய வேண்டுமென்றால், கூட வேலை செய்தவரிடம் அதைக் காட்டும் முன், நடந்தது என்ன என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அவர் சொல்வதும் நாம் எழுதியதும் பொருந்தினால் அந்த வரி நிற்கும்.

கடைசியில் வந்தது இது: 'பழுதான அச்சுகளைக் கண்டுபிடிக்க மேற்பார்வையாளர் துளசி உருவாக்கிய குறியீட்டு முறைக்குப் பதிவு அட்டவணை வடிவமைத்தேன், மூன்று மொழி பேசும் பணியாளர்களுக்குப் படங்கள் மூலம் பயிற்சி அளித்து, எல்லா ஷிஃப்ட்டுகளிலும் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தேன். வீணாகும் கையுறைகள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன.'

துளசி இரண்டு முறை படித்தாள். "இப்ப சரி," என்றாள். "இன்னும் ஒண்ணு. அந்தச் சுவத்துல ஒட்டியிருக்கிற அட்டவணய என்ன பண்ணுவ?"

"பழைய ஃபேக்டரிக்கு எழுதறேன்க்கா. உங்க பேர மேல போடச் சொல்லி."

"எழுது. போடுவாங்களான்னு தெரியாது. எனக்குப் போன வேல திரும்பி வராது, அதுவும் தெரியும். ஆனா எழுது." ஹெல்மெட்டை எடுத்தாள். "என் ரெஸ்யூமேயையும் அனுப்புறேன். பாத்தா சிரிப்ப. அப்பா வேல, ஐசி நம்பரு, எல்லாம் இருக்கு. கட்டத்த எல்லாம் எடுத்துட்டு ஒழுங்கா எழுதிக் குடு. அடியில உன் பேர போடு. எவனாச்சும் கூப்புட்டா எடுக்கணும். அஞ்சு மணியா இருந்தாலும்."

"எடுக்கிறேன்க்கா."

"கேட்டா என்ன சொல்லுவ?"

"நடந்தத சொல்லுவேன்."

 துளசி மீரானிடம், "அண்ணே, கணக்கு இவன்கிட்ட," என்று சொல்லிவிட்டு மோட்டரை நோக்கி நடந்தாள்.

பவித்ரன் அங்கேயே உட்கார்ந்து பால்மாவுக் கம்பெனிக்கு மின்னஞ்சல் எழுதினான். ரெஸ்யூமேயில் ஒரு வரியில் தன் பங்கை மிகைப்படுத்தி எழுதியிருந்ததாகவும், திருத்திய பிரதியை இணைத்திருப்பதாகவும் நேராகச் சொன்னான். நேர்காணலில் அந்த முறையைப் பற்றித் தான் சொன்ன பதிலையும் இப்படியே திருத்திக்கொள்ளும்படி கேட்டான். துளசியின் மின்னஞ்சல் முகவரியைச் சேர்த்தான். அவளைத் தொலைபேசியில் அழைப்பதானால் எந்த எண்ணிலிருந்து, என்றைக்கு என்று முன்கூட்டியே சொல்ல வேண்டினான். அனுப்பும் பொத்தானை அழுத்தியபோது, ஒரு வேலையைத் தானே எடுத்துக் கீழே போடுவது போல இருந்தது.

பதில் மறுநாள் வந்தது. நன்றி சொல்லியிருந்தார்கள். திருத்தம் நல்லதா கெட்டதா என்று ஒன்றும் சொல்லவில்லை. துளசியுடன் வெள்ளிக்கிழமை, அங்கே பிற்பகல் ஒரு மணிக்குப் பேசுகிறோம் என்று எண்ணைக் கொடுத்திருந்தார்கள்.

துளசிக்கு வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் மாறிப் பிற்பகல். காலையில் வீட்டில்தான் இருப்பாள். பவித்ரன் அந்த எண்ணையும் நேரத்தையும் அவளுக்கு அனுப்பினான். அவள் அதைப் பதிந்துவிட்டு, பதிந்த பக்கத்தைப் படமெடுத்துத் திருப்பி அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை காலை தர்மாவின் கடையில் உட்கார்ந்திருந்தான்.  தர்மாவிடம் எல்லாம் சொல்லியாகிவிட்டது. ஒன்பது மணி தாண்டியது. ஒன்பதே முக்காலுக்குச் செய்தி வந்தது.

'பேசிட்டேன். அர மணி நேரம் கேட்டாங்க. சாயம் யாரு, அட்டவண யாருன்னு தனித்தனியா கேட்டாங்க. தனித்தனியா சொன்னேன்.'

"கெடச்சிருமாடா?" என்றான் தர்மா.

"தெரியல. ஆனா கோளாறு எங்கன்னு தெரிஞ்சிருச்சு. கழட்டியாச்சு."

கழற்றிய விதம் இதுதான். ரெஸ்யூமேயில் ஒருவர் பெயரைப் போடும் முன் அவரிடம் கேட்க வேண்டும். அவரைப் பற்றியும் அவரோடு செய்த வேலையைப் பற்றியும் எழுதியதை அவருக்குக் காட்ட வேண்டும். அவர் ஒத்துக்கொள்ளாத வரியை எடுத்துவிட வேண்டும். மின்னஞ்சலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கூப்பிடும் நேரத்தை அவருடைய கடிகாரத்துக்குப் பொருத்த வேண்டும். கூப்பிடப்போகும் எண்ணை அவர் போனில் ஒரு பெயரோடு பதிந்து வைக்கச் சொல்ல வேண்டும். அப்படிச் செய்தால் போன் அடிக்கும்போது அவர் எடுப்பார்.